சருகும் சரக்கும்

நமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியராகிய நம்மிடம் இலக்கியக் கட்டுரையொன்றையே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். நாமோ மூலிகைகளை உலர்த்தும் முறைபற்றி எழுதப் புகுந்துள்ளோம். இது வேலியைத் தாண்டிய செயலெனச் சிலர் கருதலாம். ஆயினும் இத்துறைக்கு நம்மை அழைத்துச் சென்றவை இரண்டு தமிழ்ச் சொற்களே. ஒன்று சருகு; மற்றது சரக்கு. ஒரே செடியிற் பறித்த ஒரே இலை, உலர்ந்தபின் வெறுஞ் சருகாகவும் ஆகலாம். மருந்துச் சரக்காகவும் ஆகலாம். எதுவாகும் என்பது பெரிதும் உலர்த்துவோன் கையில் இருக்கின்றது. இவ்வுண்மையை நாம் ஏட்டிலிருந்து கற்கவில்லை. செய்த பிழையிலிருந்தே கற்றோம். ஆதலின் அப்பிழையை முதற்கண் கூறுதல் முறையாகும்.

நாம் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன்னர் நமது வகுப்பு மாணவர்கள் கல்லூரி வளவில் மூலிகைத் தோட்டம் ஒன்றை உண்டாக்கினர். துளசி, தூதுவளை, ஆடாதோடை, கற்பூரவள்ளி முதலியன அதிலே செழித்து வளர்ந்தன. தை மாதத்தில் நடைபெறவிருந்த பொருட்காட்சிக்கென இலைகளைப் பறித்து உலர்த்திக் கண்ணாடிப் புட்டிகளில் இட்டுப் பெயரெழுதி வைப்பதென முடிவுசெய்தோம். சித்திரையிற் பறித்த துளசியைச் சைக்கிள் கொட்டகையின் தகரக் கூரைமீது நண்பகல் வெயிலிற் பரப்பினோம். ஒரே நாளில் அது கைபட்டவுடன் நொறுங்குமளவிற்குக் காய்ந்துவிட்டது. கார்த்திகையிற் பறித்த தூதுவளையை, மழைக்கு அஞ்சிக் களஞ்சிய அறையினுள்ளே கடதாசி விரித்துப் பரப்பிக் கதவையும் அடைத்தோம். மூலிகையை நிழலில் உலர்த்த வேண்டுமென எங்கோ படித்தது நினைவிலிருந்தது. அவ்வளவே போதுமென எண்ணினோம். பத்து நாட்களின்பின் அதனையும் புட்டியில் அடைத்தோம். பொருட்காட்சி முடிந்ததும் அப்புட்டியை வீட்டுக்குக் கொண்டுசென்று, இருமலால் வருந்திக்கொண்டிருந்த நம் தாயாருக்குக் குடிநீர் காய்ச்சிக் கொடுப்பதென்பது நமது எண்ணம்.

பொருட்காட்சிக்கு வந்தோருள் அயலூர்ப் பரிகாரியார் ஒருவரும் இருந்தார். அவர் துளசிப் புட்டியைத் திறந்து, சிறிதளவு எடுத்து, உள்ளங்கையிலே கசக்கி முகர்ந்து பார்த்தார். “தம்பி, இது துளசியில்லை, துளசிச் சருகு. இதைச் சரக்கெண்டு ஆருக்கும் குடுத்துப்போடாதையும்” என்றார். கற்பூரவள்ளிப் புட்டியைக் கண்டதும் சிரித்து, “வளவிலே பச்சையாய் நிக்கிறதை ஏன் காயப்போட்டனீர்?” என வினவினார். தூதுவளைப் புட்டியைத் திறந்ததும் அவர் முகம் மாறிற்று. இலைகளின்மேல் வெண்ணிறமான மெல்லிய இழைகள் படர்ந்திருந்தன. அவற்றை இலைக்கு இயல்பாய் அமைந்த மயிரென்றே நாம் நினைத்திருந்தோம். “இது பூஞ்சணம். சருகு ஒரு கெடுதியும் செய்யாது; இது செய்யும். குழி வெட்டித் தாட்டுவிடும்” என்று கூறிப் புட்டியை மூடிவைத்தார். அது யாருக்கென வைத்திருந்த புட்டி என்பதை நாம் அவரிடம் சொல்லவில்லை.

ஒன்று வெயிலிற் கெட்டது. மற்றது நிழலிற் கெட்டது. அங்ஙனமாயின் மூலிகையை உலர்த்தத் தக்க இடம் யாது? இவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

உலர்த்தல் என்பது யாது?

பறித்த இலை பறித்த அக்கணமே இறந்துவிடுவதில்லை. அதன் உயிரணுக்கள் சில காலம் தொழிற்பட்டுக்கொண்டே இருக்கின்றன. அவற்றுள் இருக்கும் நொதியங்கள், இலை நசுங்கியும் வாடியும் போகுங்கால் தத்தம் இடத்தை விட்டு நீங்கி, மருந்துப் பொருள்களோடு கலந்து அவற்றைச் சிதைக்கத் தொடங்குகின்றன. புறத்தேயிருந்து பூஞ்சணமும் நுண்ணுயிர்களும் வந்து பற்றுகின்றன. இவ்விரு பகைகளுக்கும் வேண்டுவது நீர். பச்சிலைகளின் நிறையில் முக்காற் பங்களவு நீராகவே இருப்பது பொதுவியல்பு. அந்நீர் ஏறத்தாழப் பத்திலொரு பங்காகக் குறையுமாயின் நொதியமும் ஓயும், பூஞ்சணமும் முளைக்கமாட்டாது.

இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். 80 வீதம் நீருள்ள இஞ்சி 100 இறாத்தல் எடுத்துக்கொள்வோம். அதில் நீரல்லாத பொருள் 20 இறாத்தலே. அதனை 10 வீத ஈரம் எஞ்சுமாறு உலர்த்தினால் நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ 22 இறாத்தல் சுக்கு. எஞ்சிய 78 இறாத்தலும் காற்றோடு போன நீர். இவ்வளவு நீரை வெளியேற்ற வெப்பமும் காற்றும் வேண்டும். ஆனால் அவ்வெப்பமும் காற்றும், அவற்றோடு வரும் ஒளியும், மருந்துப் பொருளையும் உடன்கொண்டு போகவல்லவை. எனவே உலர்த்துவோனுக்குக் கடமைகள் இரண்டு. நொதியமும் பூஞ்சணமும் முந்திக்கொள்ளாதவாறு விரைந்து உலர்த்தவேண்டும். குணம் நீங்காதவாறு மென்மையாகவும் உலர்த்தவேண்டும். விரைவும் மென்மையும் ஒன்றோடொன்று முரணுவன. அம்முரணைத் தீர்க்கும் வழி செடிக்குச் செடி வேறுபடும்.

உலர்த்தும் முறை மாறினால் பொருளே மாறும் என்பது நம்மவர்க்குப் புதிய செய்தியன்று. பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்து வெயிலிற் காயவைத்தால் ஒடியல்; அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கிழங்கு ஒன்றே, வெயிலும் ஒன்றே. ஆயினும் ஒன்று மாவாகிக் கூழுக்கு உதவுகின்றது. மற்றது கடித்துண்ணும் பண்டமாகின்றது. இவ்வேறுபாட்டை அறிந்த நாம், மருந்துச் செடிகளையெல்லாம் ஒரே பாயிற் பரப்புதல் எங்ஙனம் பொருந்தும்?

குணம் எங்கே தங்கியுள்ளது?

துளசியின் மணத்திற்கும் குணத்திற்கும் பெரிதும் காரணமாயிருப்பது எளிதில் ஆவியாகும் ஓர் எண்ணெய். அதிலுள்ள சிறந்த கூறு இயூஜினோல் எனப்படும். கராம்பின் எண்ணெயிலும் இயூஜினோலே மிகுந்துள்ளது. கராம்பு மொட்டுக்களை நான்கைந்து நாள் நல்ல வெயிலிற் காயவைக்கின்றனர். அதன் மணம் குன்றுவதில்லை. உலர்ந்த கராம்பில் 15 முதல் 20 வீதம் வரை எண்ணெய் எஞ்சி நிற்கின்றது. அதே வெயிலில் துளசி ஒரே நாளிற் சருகாவது ஏன்?

விடை, எண்ணெய் தங்கியிருக்கும் இடத்தில் உள்ளது. துளசி, புதினா, கற்பூரவள்ளி முதலிய ஓரினச் செடிகளில் எண்ணெயானது இலையின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய சுரப்பி மயிர்களில் நிற்கின்றது. விரலால் மெல்லத் தடவினாலே மணம் கையில் ஏறுவது இதனாலேயாம். அவ்வாறிருக்க, வெயிலிற் கொதிக்கும் தகரத்தின்மேல் அதனைப் பரப்பினால் நீர் போகுமுன்னரே எண்ணெய் போய்விடும். நண்பகலில் தகரக் கூரையின் சூடு 60 பாகை செல்சியசையும் எட்டவல்லது. கராம்பிலோ எண்ணெய் மொட்டின் தசைக்குள்ளே ஆழ்ந்த பைகளில் அடைபட்டிருக்கின்றது. வெயில் மேற்றோலைச் சுடும், உள்ளறையைத் திறக்கமாட்டாது. ஆகவே ‘வெயில் தீது, நிழல் நன்று’ என்று பொதுவாக உரைத்தல் பொருந்தாது. குணம் எங்கே தங்கியுள்ளது என்பதே முதலிற் கேட்கத்தக்க கேள்வி.

இஞ்சியின் எண்ணெய் அதன் தோலுக்கு அடுத்த பகுதியிலே மிகுதியாக உண்டு. அதனாற் சுக்குச் செய்வோர் தோலை மெல்லச் சுரண்டுவரேயன்றி ஆழச் சீவமாட்டார். மேலும், உலர்ந்த இஞ்சி வெறுமனே நீர் குறைந்த இஞ்சியன்று. பச்சை இஞ்சியின் காரத்திற்குக் காரணமான ஜிஞ்சரோல் என்னும் பொருளின் ஒரு பகுதி, உலருங்கால் நீர்க்கூறொன்றை இழந்து ஷோகயோல் என்னும் வேறொரு பொருளாகின்றது. யப்பானிய மொழியில் இஞ்சிக்கு வழங்கும் ‘ஷோகா’ என்னும் பெயரே இதற்கு அடி. இது ஜிஞ்சரோலினும் காரமானது. நம் முன்னோர் இஞ்சியென்றும் சுக்கென்றும் இரண்டு பெயரிட்டு, இரண்டு சரக்காகவே வைத்து வழங்கியமை எத்துணைப் பொருத்தம்! ஐரோப்பியர் பேதிமருந்தாகக் கொள்ளும் பிரங்குலா மரப்பட்டையும் இத்தகையதே. பச்சைப் பட்டை வாந்தியையும் வயிற்று வலியையும் உண்டாக்கும். ஆதலால் உலர்த்தி ஓராண்டு வைத்திருந்தோ, சூடேற்றியோதான் அதனைப் பயன்படுத்துவர். இங்கே உலர்த்தலும் காத்திருத்தலும் மருந்தைக் காப்பன மாத்திரமல்ல. மருந்தை ஆக்குவனவும் ஆகின்றன.

மஞ்சளை முதலில் அவித்துப் பின்னர் இரு வாரமளவு வெயிலிற் காயவைப்பர். அவித்தலால் அதன் மாப்பொருள் இளகிக் கிழங்கு முழுவதும் ஒரே நிறம் பெறும். உலரும் காலமும் குறையும். ஆனால் அதன் நிறப்பொருளாகிய குர்க்குமின் ஒளியிற் சிதைவது. எனவே காய்ந்தபின் இருளான இடத்தில் வைத்தல் வேண்டும். ஏலத்தை வெயிலிற் போட்டால் பச்சை நிறம் வெளுத்துவிடும். ஆதலின் சூடேற்றிய அறைகளில் மெல்ல உலர்த்துவர். நமது இலங்கைக்குப் பெயர் தேடித்தந்த கறுவாவை உரித்துச் சுருட்டுவோர், அச்சுருள்களை வெயிலிற் போடாது கூரையின்கீழ்க் கயிற்றுப் பரண்களில் நாட்கணக்கில் உலரவிடுகின்றனர். நேர்வெயிலிற் பட்டை கோணி வெடிக்குமென்பது அவர்கள் கைகண்ட உண்மை.

ஒரு வினைச்சொல்லின் மதிப்பு

வெப்பத்தால் மருந்து கெடும் என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று சீன தேசத்திலிருந்து கிடைக்கின்றது. மலேரியாவுக்கு மருந்து தேடிய து யூயூ என்னும் அம்மையார், சிங்ஹாவ் என்னும் மூலிகையைப் பல முறை ஆராய்ந்தும் நிலையான பயனைக் காணவில்லை. நான்காம் நூற்றாண்டினராகிய கெ ஹொங் எழுதிய நூலை மீண்டும் படிக்கையில், அம்மூலிகையைக் காய்ச்சுமாறு அங்கே கூறப்படவில்லை என்பதையும், நீரில் ஊறவைத்துப் பிழியுமாறே கூறப்பட்டுள்ளது என்பதையும் அவர் கவனித்தார். சூடே மருந்தை அழித்திருக்கலாமென ஐயுற்று, 35 பாகையிற் கொதிக்கும் ஈதரைக் கொண்டு சாற்றை இறக்கினார். 1971 ஆம் ஆண்டில் அவ்வழி வெற்றியளித்தது. அதனால் விளைந்த ஆட்டிமிசினின் என்னும் மருந்து பெருந்தொகையான உயிர்களைக் காத்தது; 2015 ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

ஈண்டு நடந்தது உலர்த்தல் அன்று, சாறிறக்கல். ஆயினும் தமிழாசிரியராகிய நமக்கு இதிலே ஒரு பாடம் உண்டு. பழைய நூலொன்றின் ஒரு வினைச்சொல்லைக் கருத்தூன்றிப் படித்ததனால் ஒரு மருந்து பிறந்தது. செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய மருத்துவ நூல்கள் தோன்றிய மண் நமது. சித்த மருத்துவ மரபிலே உலர்த்தி, காயவைத்து, வாட்டி, வறுத்து, சுட்டு எனப் பல வினைகள் வழங்குகின்றன. இவை செய்யுளின் ஓசையை நிரப்ப வந்த சொற்களல்ல. வாட்டுதல் அனலிற் காட்டி நெகிழச் செய்தல். வறுத்தல் ஓட்டிலிட்டுச் சூடேற்றல். ஒன்றின் இடத்தில் மற்றொன்றைச் செய்தால் மருந்து வேறாகிவிடும். ‘நிழலில் உலர்த்தி’ என்பதிலும் உலர்த்தி என்பதே முதன்மையான சொல். நாம் நிழலைக் கண்டோம்; உலர்த்தலை மறந்தோம். கதவடைத்த அறையில் நிழல் இருந்தது, காற்று இல்லை.

ஈரம் என்னும் பகை

நிழலே எப்பொழுதும் துணையாகும் என்பார்க்கு ஒரு மறுப்பும் உண்டு. இங்கிலாந்து தேசத்து வில்லியம் விதரிங் என்னும் மருத்துவர், உடலில் நீர் கோத்து வீங்கும் நோய்க்கு டிஜிற்றாலிசு என்னும் செடியின் இலையைப் பயன்படுத்தி, அவ்வனுபவங்களை 1785 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அவ்விலையின் காம்பையும் நடு நரம்பையும் நீக்கி, எஞ்சியதை வெயிலிலோ, தட்டிலிட்டு நெருப்பின் முன்னோ உலர்த்துமாறு அவர் கூறினார். பிற்காலத்தார் இதன் காரணத்தை அறிந்தனர். மெல்ல உலரும் டிஜிற்றாலிசு இலையில், அதன் நொதியங்களே மருந்துப் பொருளைச் சிதைத்துவிடும். ஆகவே பறித்தவுடன், 60 பாகைக்கு மேற்படாத சூட்டில், விரைந்து உலர்த்துதலே அதற்கு விதியாயிற்று. அளவு சிறிது மிகினும் உயிரை வாங்கும் நஞ்சாதலின் அச்செடி இல்லத்தார் கையாளத்தக்கதன்று. நொதியத்தின் ஆற்றலைக் காட்டவே ஈண்டு எடுத்துரைத்தோம்.

பூஞ்சணத்தின் கொடுமைக்கு இதனினும் பெரிய சான்று உண்டு. 1920 ஆம் ஆண்டுகளில் கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவின் வடபகுதியிலும் மாடுகள் சிறு காயத்தாலும் குருதி நில்லாது பெருகி இறந்தன. அவை தின்றது இனிப்புக் குளோவர் என்னும் மணமுள்ள தீவனப் பூண்டு. நன்கு உலர்ந்த பூண்டைத் தின்ற மாடுகளுக்குத் தீங்கில்லை. ஈரம் வற்றாது பூஞ்சணம் பிடித்ததைத் தின்றவையே மாண்டன. இதனைக் கண்டு கூறியவர் பிராங் ஸ்கோபீல்டு என்னும் கால்நடை மருத்துவர். 1933 ஆம் ஆண்டில் விஸ்கொன்சின் மாநிலத்து உழவர் ஒருவர், இறந்த கன்றொன்றையும் உறையாத குருதி நிறைந்த பாற்கலத்தையும் கார்ல் லிங்க் என்னும் இரசாயன அறிஞரின் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுசென்றார். பூண்டுக்கு நறுமணம் தரும் கூமரின் என்னும் பொருளே, பூஞ்சணத்தால் மாற்றமுற்று டைக்கூமரோல் என்னும் நஞ்சாகின்றது என்பதை லிங்க் குழுவினர் ஆண்டுகள் பல உழைத்துக் கண்டறிந்தனர். அவ்வழியிற் பிறந்த வார்பரின் 1948 ஆம் ஆண்டில் எலி நஞ்சாக வெளிவந்தது. பின்னர் அளவறிந்து கொடுக்குமிடத்துக் குருதி உறைதலைத் தடுக்கும் மருந்தும் ஆயிற்று. நறுமணம் நஞ்சானதற்குக் காரணம், உலர்த்துதலில் நேர்ந்த குறையே.

1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓரிலட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் இறந்தன. அவற்றின் தீவனத்திற் சேர்ந்த நிலக்கடலைப் பிண்ணாக்கிலே பூஞ்சணம் உண்டாக்கிய அபிளாடொக்சின் என்னும் நஞ்சே காரணமெனப் பின்னர் தெளிந்தனர். ஈரலைத் தாக்கிப் புற்றுநோயையும் விளைவிக்கும் இந்நஞ்சு, கொதிநீரில் முற்றாக அழிவதில்லை. ஆகவே ‘காய்ச்சித்தானே குடிக்கப்போகின்றோம்’ என்று பூஞ்சணம் பிடித்த சரக்கைக் குடிநீருக்கு இடுதல் பெருந்தவறு. நம் தாயாருக்கென வைத்திருந்த புட்டியை நினைக்குந்தோறும் இவ்வரிகளை அழுத்தி எழுதத் தோன்றுகின்றது.

இல்லத்திற் கைக்கொள்ளத்தக்கவை

உலக சுகாதார நிறுவனம் 2003 ஆம் ஆண்டில் மருந்துச் செடிகளின் வளர்ப்பு, சேகரிப்பு ஆகியவை பற்றி வெளியிட்ட வழிகாட்டி நூலும், செடியின் உறுப்பையும் ஆவியாகும் எண்ணெய் முதலியவற்றையும் நோக்கியே உலர்த்தும் முறையைத் தெரிதல் வேண்டுமென்கின்றது. அதனோடும் நம்மவர் வழக்கத்தோடும் பொருந்துவனவற்றைச் சுருங்கக் கூறுவாம்.

முதலாவது, பறிக்கும் காலம். பனிநீர் உலர்ந்த பின்னர், மழையில்லாத நாளிலே பறித்தல் நன்று. பறித்தவற்றைக் கடகத்தில் அமுக்கி வைத்தால் உள்ளே புழுங்கிக் கறுக்கும். அன்றே பரப்புதல் வேண்டும்.

இரண்டாவது, பரப்பும் இடம். நிலத்திலும் தகரத்திலும் பரப்பலாகாது. மரச்சட்டத்திற் கண்ணறை வலையோ மெல்லிய துணியோ கட்டி, நிலத்திலிருந்து மூன்றடி உயரத்தில் வைத்தால் மேலும் கீழும் காற்று ஓடும். மணமுள்ள இலைகளையும் பூக்களையும் விறாந்தை நிழலில் ஒற்றைப் படையாகப் பரப்புக. 30 முதல் 40 பாகை வரையான சூடே அவற்றுக்குப் போதும். சோழகக் காற்று வீசும் மாதங்கள் இதற்கு மிக ஏற்றவை. மாரிகாலத்தில் இலைகளை உலர்த்தாது, பச்சையாகவே கொள்ளுதல் அறிவுடைமை.

மூன்றாவது, வேரும் கிழங்கும். இவற்றைக் கழுவி, மெல்லிய துண்டங்களாக நறுக்கியபின்னரே உலர்த்துக. முழுக்கிழங்கைத் தொடக்கத்திலேயே கடுஞ்சூட்டில் வைத்தால் மேற்புறம் ஓடுபோல் இறுகும். உள்ளீரம் வெளிவர வழியின்றி அடைபட்டு அழுகும். நெருப்பில் உலர்த்துவோர் புகை படாதவாறு காத்தல் வேண்டும்.

நான்காவது, பதம் அறிதல். இலை கசங்காது நொறுங்கவேண்டும். காம்பு வளையாது முறியவேண்டும். வேர் ஓசையோடு ஒடியவேண்டும். இவ்வளவும் கண்டபின், சிறிதளவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து ஓரிரவு வைக்க. விடியலிற் புட்டியின் உட்புறம் நீராவி படிந்திருந்தால் மீண்டும் பரப்புக. நிறமும் மணமும் சுவையும் பச்சிலையை நினைவூட்டுகின்றனவா என்பதே இறுதிச் சோதனை. பரிகாரியார் உள்ளங்கையில் கசக்கி முகர்ந்தது இச்சோதனையே.

ஐந்தாவது, காத்தல். காற்றுப் புகாத புட்டியில், ஒளிபடாத இடத்தில், செடியின் பெயரும் உலர்த்திய மாதமும் எழுதி வைக்க. அளவும் அனுபானமும் மருத்துவர் சொல்லத்தக்கன. அத்துறையில் நாம் புகவில்லை.

முடிவுரை

உறையவைத்து உலர்த்தும் பொறிகளும், சூடும் ஈரமும் அளந்து நடத்தும் அறைகளும் இன்று உள்ளன. அவை பெருந்தொழிற்சாலைகளுக்கு உரியன. நம் வீடுகளுக்கு உரியது பங்குனி சித்திரையில் வேப்பமரத்தின்கீழ்த் துணி விரித்துப் பூச்சேர்த்து, வடகத்திற்குப் பதம் பார்த்துக் காயவைக்கும் கைகளின் அறிவேயாகும். எதை எத்தனை நாள் வெயிலில் வைப்பது, எப்பொழுது நிழலுக்கு மாற்றுவது என்பவற்றை அக்கைகள் அறியும். அவற்றை எழுதிவைத்தார் மிகச் சிலர். பழைய மாணவர்களாகிய அன்பர்கள் பலர் தூரதேசங்களில் வாழ்கின்றீர்கள். ஊருக்கு வரும்பொழுது வீட்டிலுள்ள முதியோரிடம் இவற்றைக் கேட்டு, அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதிவைப்பீர்களாயின் அது கல்லூரிக்கும் நாட்டுக்கும் செய்யும் பெருந்தொண்டாகும்.

அடுத்த ஆண்டு ஆனி மாதத்தில், சோழகம் வீசிய நாட்களிலே, தூதுவளையை மீண்டும் பறித்தோம். மாணவர் செய்த வலைச்சட்டங்களில் விறாந்தையிற் பரப்பினோம். நாள்தோறும் இருமுறை புரட்டினோம். ஐந்தாம் நாள் காம்பு முறிந்தது. புட்டியை எடுத்துக்கொண்டு பரிகாரியாரின் வீட்டிற்குச் சென்றோம். அவர் திறந்தார்; கசக்கினார்; முகர்ந்தார். “எத்தினை நாள்?” என்று மட்டும் கேட்டார். பின்னர், “கொம்மாவுக்குக் குடுக்கலாம்” என்றார். இருமல்பற்றி நாம் சொல்லாதிருந்தும், அது யாருக்கென்பதை அவர் அன்றே அறிந்திருந்தார் போலும்.